மனிதன் இல்லாத காலம் யாருக்காக?

மறைக்கல்வி வகுப்புகளில் சிறுவர்கள் கேட்கும் கேள்விகளுள் பெரியவர்களைத் திகைக்கவைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆதாம் டைனோசரைப் பார்த்தாரா என்பதே அது. நோவாவின் பேழையில் டைனோசருக்கு இடம் இருந்ததா என்று அதனையே சற்று மாற்றிக் கேட்கும் சிறுவரும் உளர். ஆசிரியர்களுள் பலர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவர். சிலர், அதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள் என்று கூறி அமர்த்திவிடுவர்.

நேரான விடை எளிதானதே. மனிதர் எவரும் டைனோசரைப் பார்த்ததில்லை. கடைசி டைனோசர் மடிந்ததற்கும் முதல் மனிதர் தோன்றியதற்கும் இடையே 6 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆயினும் இந்த எளிய விடைக்குப் பின்னால் எளிதல்லாத வேறொரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. மனிதன் வருவதற்கு முன் இத்துணை நெடுங்காலம் உலகம் இருந்ததென்றால், அந்தக் காலம் யாருக்காக இருந்தது? காண்பதற்கு ஒரு கண்ணும், புகழ்வதற்கு ஒரு நாவும் இல்லாத அந்த ஊழிகளுக்கு என்ன பொருள்? இது சிறுவர்களின் கேள்வியன்று. நம்மைப் பற்றிய கேள்வி. இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே பிற உயிர்களையும், நம்மிடையே வாழும் எளியவர்களையும் நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பது அமையும். ஆகவே இதனைச் சற்று நின்று சிந்திப்பது தகும்.

காலத்தின் நீளம்

முதலில் இக்காலம் எத்துணை நீண்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இவ்வெண்ணை நாவால் சொல்லிவிடலாம். உள்ளத்தால் பற்றுவது கடினம். ஓர் ஆண்டினை ஒரு மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம். இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி நடக்கத் தொடங்குவோம். எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவரின் வாழ்நாள் ஏழரை சென்டிமீட்டர். அதாவது ஒரு கையகலம். திருப்பாடல்கள் நூலின் 39-ஆம் பாடலும் மனித வாழ்நாளைக் கையகல அளவோடுதான் ஒப்பிடுகிறது என்பது நினைக்கத்தக்கது. இரண்டு மீட்டர் தொலைவில், ஒரு கல்லறைக் குழியின் நீளத்தில், ஆண்டவர் இயேசு பிறந்த காலத்தை எட்டிவிடுகிறோம். மனித இனத்தின் மிகப் பழைய எச்சங்கள் மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூத் என்னும் இடத்தில் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என 2017-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நம் அளவையில் அது 300 மீட்டர். கோயில் வாயிலிலிருந்து தெருமுனை வரை என்று சொல்லலாம்.

டைனோசர்கள் மறைந்த காலத்தை அடைய 66 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவை முதன்முதலாகத் தோன்றிய காலத்தை அடைய 230 கிலோமீட்டர். பூமி தோன்றிய காலத்தை அடையவோ 4,540 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை செல்லும் நெடுஞ்சாலையைக் காட்டிலும் நீண்ட வழி.

புவியியலாளர் இந்நெடுவழியை ஊழிகளாகவும் காலங்களாகவும் பகுத்துள்ளனர். டைனோசர்கள் வாழ்ந்த இடையூழி மூன்று காலங்களைக் கொண்டது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது ட்ரையாசிக். 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது ஜுராசிக். 14 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது கிரெட்டேசியஸ். நாம் டைனோசர் என ஒரே சொல்லில் அடக்கிவிடும் விலங்குகள் அனைத்தும் ஒரே காலத்தில் வாழ்ந்தவையல்ல. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்தது. திரைப்படங்கள் வழியாக நாம் அனைவரும் அறிந்த டிரனோசாரஸ், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம், டிரனோசாரசுக்கும் நமக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டிலும் நீண்டது. டைனோசர்கள் பூமியில் இருந்த காலம் மொத்தம் 16 கோடி ஆண்டுகளுக்கு மேல். மனித இனம் இதுவரை இருந்த காலத்தை விட அது ஐந்நூறு மடங்குக்கும் அதிகம்.

பாறை கூறும் சான்று

இவையெல்லாம் எவரோ கற்பனையில் கண்டவை என எண்ணிவிடலாகாது. பாறைகளை வாசிக்கும் கலையின் முதல் விதியை வகுத்தவர் பின்னாளில் நம் திருச்சபையின் ஆயரானவர் என்பதைப் பலர் அறியார். டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ ஓர் உடற்கூற்று மருத்துவர். 1666-ஆம் ஆண்டில் இத்தாலியக் கடலோரத்தில் பிடிபட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலை, ஆய்வுக்காக ஃபிளாரன்சு நகரில் இருந்த அவரிடம் அனுப்பப்பட்டது. அதன் பற்களைக் கண்ட அவர், மலைப்பாறைகளுக்குள் கிடைத்து, நாக்குக் கற்கள் என மக்களால் அழைக்கப்பட்ட பொருள்கள் உண்மையில் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று உறுதியாகக் கண்டார். கடல் மீனின் பல் மலைக்குள் எவ்வாறு சென்றது? இந்த வினாவைத் தொடர்ந்து சென்று, 1669-இல் வெளியிட்ட நூலில், படிவுப் பாறையின் அடுக்குகளில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது என்னும் விதியை நிறுவினார். இடையில் 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார், ஏழ்மையான வாழ்வு வாழ்ந்து 1686-இல் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார்.

ஸ்டெனோ வரிசையைக் கண்டார், நீளத்தைக் காணவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதைப் பாறையடுக்கு கூறும். எத்தனை ஆண்டு என்பதைக் கூறாது. அதற்கு மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. யுரேனியம் என்னும் தனிமம் மாறாத ஒரு வேகத்தில் சிதைந்து, இறுதியில் ஈயமாகிறது. அதன் முதன்மை வகையில் பாதியளவு சிதைவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு கனிமத்தில் எவ்வளவு யுரேனியம் எஞ்சியுள்ளது, எவ்வளவு ஈயம் சேர்ந்துள்ளது என்று அளந்தால் அதன் வயது தெரியும். இம்முறையைப் பின்பற்றி, விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956-இல் முடிவுகூறினார் அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன். அதன்பின் வந்த ஆய்வுகள் அந்த எண்ணைச் சிறிதளவே திருத்தியுள்ளன.

டைனோசர்களின் முடிவும் பாறையில்தான் எழுதப்பட்டுள்ளது. கிரெட்டேசியஸ் காலத்தின் எல்லையில் படிந்த மெல்லிய களிமண் அடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதான இரிடியம் என்னும் உலோகம் மிகுந்து காணப்படுவதை லூயிஸ் ஆல்வரெஸ், அவர்தம் மகன் வால்டர் ஆல்வரெஸ் ஆகியோர் அடங்கிய குழுவினர் 1980-இல் வெளியிட்டனர். விண்ணிலிருந்து வந்து மோதிய ஒரு பெருங்கல்லே இதற்குக் காரணம் என்று அவர்கள் கூறினர். மெக்சிகோ நாட்டின் யுகடான் தீபகற்பத்தில் மண்ணுக்கடியில் புதையுண்டிருந்த, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்குழியே அம்மோதலின் வடு என 1991-இல் வெளியான ஆய்வு அடையாளம் காட்டியது. பறவைகளாக உருமாறியிருந்த ஒரு கிளையைத் தவிர டைனோசர்கள் அனைத்தும் அழிந்தன.

மூன்று விடைகள்

இனி நம் கேள்விக்கு வருவோம். மனிதனில்லாத அந்நெடுங்காலம் யாருக்காக? இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் தரப்படுகின்றன.

அப்படியொரு காலமே இல்லை என்பது முதல் விடை. ஆர்மா நகரின் ஆங்கிலிக்கப் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தின் தலைமுறைப் பட்டியல்களையும் பண்டைய அரசர்களின் வரலாறுகளையும் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என 1650-இல் எழுதினார். அஷர் அவர்தம் காலத்தின் பேரறிஞர். அவரை எள்ளுவது நமக்குப் பெருமையன்று. அவருக்குக் கிடைத்த சான்றுகள் அவ்வளவே. ஆனால் நமக்கோ வேறு சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றைக் கண்ட பின்னும் கண்ணை மூடிக்கொள்வது பக்தியாகாது. புனித அகுஸ்தினார், தொடக்க நூலைப் பற்றிய தமது விளக்கவுரையில், வானையும் மண்ணையும் பற்றி அறிவாலும் பட்டறிவாலும் தெளிந்த செய்திகளில் கிறிஸ்தவர்கள் திருநூலைக் காட்டி அறியாமை பேசினால், அதைக் கேட்கும் பிற மக்கள் உயிர்ப்பைப் பற்றி அதே நூல் கூறுவதை எவ்வாறு நம்புவர் என்று வருந்துகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இவ்வெச்சரிக்கை இன்றும் பொருந்தும். பாறையைப் படைத்தவரும் திருநூலைத் தந்தவரும் ஒருவரே என்றால், பாறை பொய் சொல்வதாகக் கூறுவது அவரையே பழிப்பதாகும்.

இரண்டாம் விடை இதற்கு நேர்மாறானது. 4,540 கிலோமீட்டர் வழியில் கையகலமே வாழும் மனிதன் ஒரு பொருட்டா? அவன் துன்பமும் இன்பமும் அறமும் வழிபாடும் ஒன்றுமில்லை என்பர் சிலர். இக்கூற்றில் அடக்கத்தின் சாயல் உண்டு. அதனால் பலரை அது கவர்கிறது. ஆனால் அதன் அடிப்படையைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். நீண்ட காலம் இருப்பதே உயர்வு என்றால், உலகில் யாவரினும் உயர்ந்தவை நுண்ணுயிர்களே; அவை 350 கோடி ஆண்டுகளாக இங்கு உள்ளன. அவற்றினும் உயர்ந்தது உயிரற்ற பாறை. இதனை எவரும் ஏற்கமாட்டார். மூத்த மகன் இளைய மகளைவிடப் பத்தாண்டு முன் பிறந்தவன் என்பதற்காக அவன்மீது பத்தாண்டு மிகுதியான அன்பு வைக்கும் தாயும் இல்லை. ஒன்றின் மதிப்பை அது நிலைத்த காலத்தைக் கொண்டு அளப்பது, பாட்டின் இனிமையைத் தராசில் நிறுப்பது போன்றதே.

மூன்றாம் விடையே நம்பிக்கை கொண்டவர்களுக்கு மிகவும் உவப்பானது. எல்லாம் நமக்கான ஏற்பாடு என்பது அது. டைனோசர்கள் அழிந்ததால் பாலூட்டிகள் பெருக இடம் கிடைத்தது. பாலூட்டிகளின் வழியில் மனிதன் வந்தான். ஆகவே அப்பெருவிலங்குகள் வீடு கட்டும்போது போடும் சாரத்தைப் போன்றவை; வீடு முடிந்ததும் பிரித்து எறியப்பட்டன என்பர். இதில் உண்மை ஒரு கூறு உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகவே படைப்பு வளர்ந்து வந்துள்ளது. நம் அரியலூர்ப் பகுதியைப் பாருங்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் அலையடித்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஆயின. இன்று அதை வெட்டியெடுத்துச் சிமெண்டு செய்கிறோம். நம் வீடுகளின் சுவர்களிலும், ஒருவேளை நம் கோயில்களின் தூண்களிலும் அச்சிப்பிகள் உள்ளன.

இருந்தும் இவ்விடை முழுமையாகாது. சாரம் என்பது கட்டடத்தைவிட ஐந்நூறு மடங்கு நீண்ட காலம் நிற்பதில்லை. மேலும், அன்று வாழ்ந்த உயிரினங்களுள் மிகப் பெரும்பாலானவை நமக்கு எப்பயனும் தராமல், ஒரு சுவடும் விட்டுவைக்காமல் மறைந்தன. கல்லாக மாறியவை மிகச் சிலவே. கல்லாக மாறியவற்றுள்ளும் நம் கையில் கிடைத்தவை அதனினும் சில. அதே அரியலூர் வட்டாரத்தில், கல்லமேடு என்னும் ஊரருகே, ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் கண்டெடுத்தனர். பேருடல் கொண்ட பல்லி எனப் பொருள்படும் பிருகத்காயோசாரஸ் என்ற பெயரால் அது 1980-களில் அறிவிக்கப்பட்டது. உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். ஆனால் அவ்வெலும்புகள் உறுதியற்றவை. பாதுகாக்க இயலாமல் நொறுங்கிப் போயின. இன்று எஞ்சியுள்ளவை சில படங்களும் வரைகோடுகளுமே. அந்த விலங்கு நமக்கு ஓர் எலும்பைக்கூட விட்டுச் செல்லவில்லை. நமக்குப் பயன்படவில்லை, நாம் காணவுமில்லை என்பதால் அது வாழ்ந்த வாழ்வு வீணாகிவிட்டதா?

காண்பவர் வேறு ஒருவர்

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு மீண்டும் வாசித்தால், நாம் வழக்கமாகக் கவனியாத ஒன்று புலப்படும். அந்த அதிகாரம் புவியியல் பாடமன்று. ஆறு நாள் என்பது நாள்காட்டிக் கணக்கும் அன்று. அது படைப்பின் பொருளைப் பாடும் ஒரு பெரும் வழிபாட்டுப் பனுவல். அங்கே ஒளியும் நிலமும் செடியும் கடலின் பெரும் உயிர்களும் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு நாளின் வேலையையும் கடவுள் பார்த்து, நல்லது எனக் கொள்கிறார். இவையெல்லாம் மனிதன் படைக்கப்படுவதற்கு முன்னரே நிகழ்கின்றன. மனிதனுக்குப் பயன்படும் என்று அவை நல்லவையாக்கப்படவில்லை. மனிதன் பார்த்துச் சான்றிதழ் தரவும் இல்லை. அவை இருந்தன, இருந்ததே நன்றாயிருந்தது.

யோபு நூலின் இறுதிப் பகுதி இதனை இன்னும் கூர்மையாக உரைக்கிறது. துன்பத்தால் நொந்து நியாயம் கேட்கும் யோபுவிடம் கடவுள், மண்ணுலகிற்கு அடித்தளம் இடப்பட்டபோது நீ எங்கே இருந்தாய் என்னும் பொருள்படக் கேட்கிறார். பின்பு காட்டுக்கழுதை, தீக்கோழி, கழுகு என மனிதனுக்கு அடங்காத, பயன்படாத உயிர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டுகிறார். மனிதர் எவரும் வாழாத பாலையில் மழை பொழிவதையும் குறிப்பிடுகிறார். அங்கு வரும் பெருவிலங்கை டைனோசர் எனச் சிலர் பொருள் கூறுவர். அது வேண்டாத வலிந்த பொருள். நாம் கருத வேண்டியது அம்மழையைத்தான். குடை பிடிக்கவும் கிணறு நிரப்பவும் உழவு தொடங்கவும் ஆளில்லாத நிலத்தில் பெய்யும் மழை வீண் மழையா? நமக்கு வீண், பெய்விப்பவருக்கு வீணன்று. 16 கோடி ஆண்டு டைனோசர்களின் வாழ்வு அத்தகைய மழை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலும் இதே கருத்தைத் திருச்சபையின் போதனையாக நமக்கு நினைவூட்டுகிறது. பிற உயிர்களுக்குக் கடவுளின் பார்வையில் தமக்கென ஒரு மதிப்பு உண்டு. அவற்றின் இறுதி நோக்கம் நாம் அல்லர் என அது கற்பிக்கிறது. ஆக, மனிதனில்லாத காலம் யாருக்காக என்ற கேள்விக்கு நாம் தரக்கூடிய விடை இது: அது படைத்தவரின் மகிழ்ச்சிக்காகவும், வாழ்ந்த அவ்வுயிர்களுக்காகவும் இருந்தது.

மூன்று நாள் வாழ்வு

இது வெறும் ஏட்டுச் சிந்தனை என எண்ணுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் பணியாற்றிய கிராமப் பங்கு ஒன்றில், பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை இறந்தது. அடக்கம் முடிந்த மாலையில் அதன் தாய் கேட்டார்: "மூணே நாள் இருக்கிறதுக்கு எதுக்கு சாமி அது பொறந்துச்சு? யாருக்கு என்ன ஆச்சு அதால?" வானகம், மறுவாழ்வு என்று நாம் கற்ற இறையியல் அனைத்தும் உண்மையே. ஆனால் அந்தத் தாயின் கேள்வி மறுவாழ்வைப் பற்றியதன்று. அந்த மூன்று நாளைப் பற்றியது. அந்த மூன்று நாளுக்குத் தனக்கென ஒரு மதிப்பு உண்டா என்பதே அவர் கேட்டது.

டைனோசர்களின் 16 கோடி ஆண்டுகளைச் சிந்திப்பவன் இக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றின் மதிப்பு அது நிலைத்த காலத்தால் வருவதில்லை என்றோம். அதனால் விளையும் பயனால் வருவதில்லை என்றோம். அதைக் கண்டவர்களின் எண்ணிக்கையாலும் வருவதில்லை என்றோம். இம்மூன்று அளவுகோல்களும் உடைந்துபோனால், மூன்று நாள் வாழ்ந்த மழலை எந்த வகையிலும் குறைந்ததாகாது. அது இருந்தது, தன் தாயின் மார்பில் வெப்பம் அறிந்தது, படைத்தவர் அதைக் கண்டார். நம் நெடுவழியில் அது ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் 4,540 கிலோமீட்டரையும் காணும் கண்ணுக்கு அது தப்புவதில்லை.

இதையே நாம் இன்னும் பலரிடம் நீட்டிப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளாகப் படுக்கையில் கிடக்கும் முதியவர், பேச்சு வராத பிள்ளை, மனநிலை பிறழ்ந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் உறவினர் ஆகியோரைப் பார்த்து, இவர்களால் என்ன பயன் என்று வாய்விட்டுக் கேட்காதவர்களும் உள்ளத்துள் கேட்கின்றனர். உலகம் முழுவதும் எனக்காகவே ஏற்பட்டது என்று பழகிய மனம், எனக்குப் பயன்படாத மனிதரையும் நாளடைவில் சாரமாகவே எண்ணத் தொடங்கும். எலும்பும் எஞ்சாத ஒரு விலங்கை வீணானது எனச் சொல்லத் தயங்கும் மனமோ, படுக்கையில் கிடப்பவரை வீணானவர் எனச் சொல்லவே சொல்லாது.

எஞ்சும் ஒரு வினா

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நெடுங்காலம் அமைதிப் பூங்காவாக இருந்ததில்லை. டைனோசர் எலும்புகளில் கடித்த தழும்புகள் உண்டு. முறிந்து கூடிய அடையாளங்கள் உண்டு. நோயின் தடங்களும் உண்டு. கனடா நாட்டில் கிடைத்த கொம்புள்ள டைனோசர் ஒன்றின் கால் எலும்பில் புற்றுநோய் இருந்ததை மருத்துவர்களும் தொல்லுயிரியலாளரும் சேர்ந்து 2020-இல் உறுதிசெய்தனர். மனிதன் பாவம் செய்வதற்கு முன்னரே இத்துணை வலியும் சாவும் ஏன்?

பாவத்தின் வழியாக உலகில் சாவு நுழைந்தது எனப் பவுலடிகளார் உரைப்பது மனிதரின் சாவைப் பற்றியது. ஊன் உண்ணும் விலங்குகள் மனிதனின் பாவத்திற்கு முன் சாதுவாக இருந்தன என்னும் கருத்தைப் புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்கவில்லை. மனிதனின் பாவத்தால் விலங்கின் இயல்பு மாறவில்லை என்பது அவர்தம் முடிவு. இது ஒரு சிக்கலை நீக்குகிறது. துன்பத்தின் புதிரை நீக்குவதில்லை. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் இருப்பதாக உரோமையருக்கு எழுதிய திருமுகம் கூறுகிறது. அந்த வேதனைக்கு வெளியே நின்று விளக்கம் தராமல், அதனுள்ளே இறங்கிச் சிலுவையில் தாமும் துன்புற்ற ஒருவரை நாம் வழிபடுகிறோம். இதற்குமேல் விளக்கம் தருவதாகச் சொல்வோரிடம் நமக்கு ஐயமே மிகும்.

நம் பங்கு

இனி மனிதனுக்கென்று தனிச்சிறப்பு ஏதுமில்லையா என்று கேட்கலாம். உண்டு. இந்நெடுவழி முழுவதிலும் வந்துபோன உயிர்களுள், வழியின் நீளத்தை அறிந்தது மனிதன் ஒருவனே. டிரனோசாரசுக்குத் தனக்கு முன் ஸ்டெகோசாரஸ் இருந்தது தெரியாது. நமக்குத் தெரியும். 16 கோடி ஆண்டுகள் காண்பாரற்றுக் கிடந்த வாழ்வைச் சிறிது சிறிதாகத் தோண்டியெடுத்து, பெயரிட்டு, வியந்து நிற்கும் பேறு நமக்கே கிடைத்துள்ளது. இது உரிமையாளனின் சிறப்பன்று. தாமதமாக வந்து சேர்ந்த விருந்தினனின் சிறப்பு. விருந்தினன் வீட்டுக்காரரின் பொருள்களைக் கண்டு மகிழலாம், பயன்படுத்தலாம், உடைத்துப் போடலாகாது.

ஆனால் நாம் உடைத்துக்கொண்டிருக்கிறோம். மனிதனின் செயலால் பூமி புதியதொரு காலப்பகுதிக்குள் நுழைந்துவிட்டது என்றும், அதற்கு மனிதயுகம் எனப் பெயரிட வேண்டும் என்றும் அறிஞர் குழு ஒன்று முன்மொழிந்தது. அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்கள் படிந்த 1950-களைத் தொடக்கமாகவும், கனடாவின் கிராஃபோர்டு ஏரியின் அடிமண்ணைச் சான்றிடமாகவும் அவர்கள் காட்டினர். புவியியலாளரின் பன்னாட்டு அமைப்பு 2024-இல் அம்முன்மொழிவை ஏற்கவில்லை. கால அட்டவணையில் நமக்கென ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படாவிட்டாலும் செயல் செயலே. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த நிலக்கரியையும் எண்ணெயையும் மூன்று நூற்றாண்டுகளுக்குள் எரித்து வானை வெப்பமாக்கி வருகிறோம். காடுகளோடு சேர்த்து, பெயரும் அறியாத உயிரினங்களை அழித்து வருகிறோம்.

6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லுக்கு மனச்சான்று இல்லை. அது எவரிடமும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு மனச்சான்று உண்டு. கணக்குக் கொடுக்க வேண்டிய நாளும் உண்டு. மனிதனுக்கும் விண்கல்லுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆகவே அடுத்த முறை மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து டைனோசரைப் பற்றிக் கேட்டால், அவனை அமர்த்திவிட வேண்டாம். ஆதாம் அதைப் பார்க்கவில்லை, ஆனால் கடவுள் பார்த்தார் என்று சொல்லுங்கள். மனிதர் யாரும் பார்க்காத ஒன்றையும் கடவுள் நல்லதாகக் காண்கிறார் என்று சொல்லுங்கள். அதை உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட பிள்ளை, தன் வீட்டின் மூலையில் படுத்திருக்கும் பாட்டியை வேறு கண்ணோடு பார்க்கும். வேலியில் ஓடும் ஓணானைக் கல்லால் அடிக்க ஓங்கிய கையையும் ஒருவேளை கீழே இறக்கும்.